மலையில் கட்டிய வரப்பு

1

பிஸ்மில்லாஹ். இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வருஷமாகத் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், என் வீட்டுக்காரி மைமூன் “டீ ஆறுதுங்க” என்பாள், அதையே சாக்காக வைத்து எழுந்துவிடுவேன். நான் பத்தாவதோடு நின்றவன். நம் ஊர்ப் பெருநாள் மலரில் ஆலிம்களும் வாத்தியார்களும் எழுதுகிற இடத்தில் நான் போய் என்ன எழுதுவது? அது ஒரு தயக்கம். இன்னொன்று, இங்கிருந்து நான் ஒன்று சொன்னால் அது வலங்கைமான் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் ஒன்பதாக வளர்ந்துவிடுகிறது.

போன வாரம் மைமூனின் அண்ணன் ஜபருல்லா போன் செய்தார். சலாம் சொன்ன கையோடு கேட்டார்.

“என்ன மச்சான், கனடாவுல மலை ரோடு காண்ட்ராக்ட் எடுத்திருக்கீங்களாமே? நமக்கெல்லாம் சொல்ல மாட்டீங்களா?”

“ரோடு இல்ல மச்சான். பாதை.”

“பாதைன்னா எத்தனை அடி அகலம்?”

“எதிர்க்க ஒரு ஆள் வந்தா நாம ஒதுங்கி நின்னு வழி விடணும். அம்புட்டுதான்.”

“அப்ப டிராக்டர் போகாதா?”

“டிராக்டர் என்ன, பைக்கே போகக் கூடாது. எஞ்சின் வெச்ச எதுவும் போகக் கூடாது. நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், குதிரை இருந்தா ஏறிப் போகலாம்.”

மச்சான் விடுவதாக இல்லை.

“அப்ப டோல் எப்படி வசூல் பண்ணுவீங்க?”

போனை வைத்த பிறகு ஜன்னலைப் பார்த்தேன். இந்த வருஷத்து முதல் பெருமழை மலையை மூடிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. போன வருஷம் இதே முதல் மழையில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. இனியும் எழுதாவிட்டால் மச்சான் என்னை டோல்கேட் முதலாளி ஆக்கிவிடுவார் என்று பயந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சாகுல் ஹமீது. வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமம், குடமுருட்டிப் பாசனம். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அத்தாவும் நானும் அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு எடுத்து, விளைச்சலில் பங்கு கொடுத்துச் சாகுபடி செய்தோம். பிறகு சவூதி, அதன் பிறகு இங்கே. கனடாவின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்துச் சின்ன ஊர். ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே மகள், ஹாஜிரா.

ஹாஜிரா நன்றாகத் தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. வெள்ளிக்கிழமை என்னோடு பள்ளிவாசலுக்கு வருவாள். சனிக்கிழமை விடிந்தால் காட்டுக்குப் போய்விடுவாள். கல்லூரியில் காட்டைப் பற்றித்தான் படிக்கப் போகிறேன் என்றபோது, இதற்கு ஒரு படிப்பா என்று நினைத்தேன். படித்து முடித்தாள். இந்த ஊரில் பாதை போடுகிற ஒரு சின்னக் குழுவுக்குப் பொறுப்பாளி ஆனாள். சம்பளம் அவளுக்கு மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் சும்மா வந்து வேலை செய்கிறவர்கள்.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன்.

“இந்த மலை யாருதும்மா?”

“எல்லாருடையதும்தான் அத்தா. பொது நிலம். அரசாங்கக் காடு.”

“புறம்போக்கா?”

அவளுக்கு அந்தச் சொல் பழக்கமில்லை. மைமூன்தான் விளக்கினாள். “யாரு பேருக்கும் பட்டா இல்லாத இடம்மா.”

“ஆமா, அப்படித்தான்.”

“இம்புட்டுப் புறம்போக்கையும் ஒருத்தரும் வளைச்சுப் போடலையா?”

“இல்லைத்தா.”

“ஒரு கொட்டகை கூட?”

“அத்தா!”

நம்ப முடியவில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் மரம். அத்தனையும் எல்லாருக்கும் சொந்தம். அதனாலேயே யாரும் தொடாமல் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் எல்லாருக்கும் சொந்தம் என்றால் முதலில் போய் வேலி போடுகிறவனுக்குச் சொந்தம் என்றுதான் அர்த்தம்.

அந்தக் காட்டில் ஒரு நடைபாதை போடுவதற்கு அனுமதி வாங்க அவள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். தாலுகா ஆபீசில் பட்டா மாற்ற அலைந்தவர்களுக்குச் செருப்புத் தேய்வது தெரியும். இங்கே செருப்புத் தேயவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண் தேய்ந்தது. ஆனால் காட்டு இலாகாவில் போட்ட நிபந்தனைகளைக் கேட்டுத்தான் நான் அசந்து போனேன். அந்த மலையில் ஆதியிலிருந்து வாழ்கிற மக்களின் சபை இருக்கிறது. அவர்களுடைய முன்னோர்கள் கூடை முடையப் பட்டை உரித்த தழும்பு சில மரங்களில் இன்னும் இருக்கிறது. அந்த மரங்கள் பக்கம் பாதை போகக் கூடாது என்றார்கள். பாதை மேலே ஏறியது. பறவை கூடு கட்டும் மாதங்களில் கிளை வெட்டக் கூடாது என்றார்கள். வேலை நின்றது. ஒரு பள்ளத்தில் தேரைகள் குட்டையிலிருந்து காட்டுக்குக் கடந்து போகும் வழி இருக்கிறது என்றார்கள். பாதை போகும் வழிக்கு அடையாளமாக ஹாஜிரா மரங்களில் கட்டியிருந்த ரோஸ் நாடாக்களை அவிழ்த்துக்கொண்டு வந்து, இன்னொரு பக்கமாக நடந்து, மறுபடி கட்டினாள்.

“ஒரு தேரைக்காகவா?”

“அதுக்கும் அது வழிதானே அத்தா.”

சுப்ஹானல்லாஹ் என்றேன். கேலியாகச் சொல்லவில்லை.

கடைசியில் கிடைத்த அனுமதியும் தற்காலிகம்தான். கீழே ஒரு ஓடை இருக்கிறது. கடலிலிருந்து சால்மன் மீன் ஏறி வந்து அந்த ஓடையின் கூழாங்கல்லுக்குள் முட்டையிடுகிறது. முட்டை மேல் சேறு மூடினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். அதனால் முதல் பெருமழைக்குப் பிறகு காட்டு அலுவலர் வந்து பார்ப்பார். பாதையிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஓடைக்கு இறங்கினால் பாதையை மூடிவிட வேண்டும். வெட்டிய மண்ணைத் திரும்பப் போட்டு, கன்று நட்டு, இருந்த தடம் தெரியாமல் செய்துவிட வேண்டும்.

“மூடச் சொன்னா மூடிடுவேன். ஆனா இன்னொரு தடவை முதல்லேர்ந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இருக்காதுத்தா” என்றாள் ஹாஜிரா.

3

அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று நானும் சனிக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன்.

நான் சமதரையில் பிறந்தவன். எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரை, பள்ளம் என்றால் வாய்க்கால். தலையைப் பின்னால் சாய்த்து ஒரு மரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அங்கே ஒரு தேவதாரு இருக்கிறது. நாங்கள் கை கோத்துச் சுற்றிப் பார்த்தோம், ஆள் போதவில்லை. உச்சி பனிக்குள் போய்விட்டிருந்தது. மினாரா கட்டியவர்களெல்லாம் இதைப் பார்த்துவிட்டுத்தான் கட்டியிருப்பார்களோ என்று தோன்றியது. கொஞ்சம் தள்ளி ஒரு மரம் என்றைக்கோ விழுந்து கிடந்தது. அதன் முதுகு நீளத்துக்கும் இளங்கன்றுகள், நாற்றங்காலில் பாவி விட்டது போல. யார் விதைத்தது, யார் தண்ணீர் காட்டியது? எனக்குக் கண் கலங்கிவிட்டது. படைத்தவனுக்கு வேலையாட்கள் தேவையில்லை என்று ஓதியிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஓடையில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்தேன். கை விறைத்துப் போயிற்று. மழைக்கோட்டை விரித்து லுஹர் தொழுதேன். தொழுது முடித்துத் திரும்பினால், எங்களோடு வேலை செய்கிற கிரெக் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் ஓய்வு பெற்ற தச்சர். சர்ச், கோயில், பள்ளிவாசல் எதற்கும் போகாதவர்.

“எதுக்கு நிக்கறீங்க?” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

“நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தே சாகுல். கரடி வந்தா யார் சொல்றது?”

சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்தால் அந்த மனிதரும் மற்றவர்களும் செய்கிற வேலையே எனக்கு ஆச்சரியம். முகம் தெரியாத யாரோ நடக்கப் போகிற பாதைக்காகத் தங்கள் விடுமுறையில் கல் சுமக்கிறார்கள். நடக்கும் வழியில் கிடக்கிற முள்ளை எடுத்து ஓரம் போடுவதும் ஈமானில், இறைநம்பிக்கையில், சேர்ந்தது என்று நமக்கு மதரஸாவில் சொல்லிக் கொடுத்தார்கள். இவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. செய்கிறார்கள்.

4

இனி என் வேலைக்கு வருகிறேன்.

மலைச்சரிவில் பாதை என்பது ஒரு அலமாரித் தட்டு மாதிரி. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். ஹாஜிரா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். “பாதை தட்டையா இருக்கக் கூடாதுத்தா. பள்ளத்துப் பக்கம் லேசாச் சாய்ஞ்சு இருக்கணும். வெளி ஓரத்தைச் சரி பண்ணிடுங்க.” சொல்லிவிட்டு, மேலே பலகைப் பாலம் போடுவதற்குக் கிரெக்கையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கீழ் வளைவு என் பொறுப்பு. புதிதாக வந்த இரண்டு பேர் என்னோடு.

கையில் மண்வெட்டி. நம் ஊர் மண்வெட்டிக்கு அண்ணன் மாதிரி அகலம். அதைப் பிடித்ததும் என் கைக்கு வயசு குறைந்துவிட்டது. “ஓரத்தைச் சரி பண்ணிடுங்க” என்றால் என் கைக்கு ஒன்றுதான் தெரியும். அண்டை போடுவது. நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கத்தைச் செதுக்கி, சேறு அப்பி, மண்வெட்டியின் முதுகால் வழித்து வழித்து மெழுகுவோமே, அது. கரையில்லாத பாதையை நான் பார்த்ததே இல்லை. இருட்டிலோ பனியிலோ வருகிறவன் கால் நழுவிப் பள்ளத்தில் விழுந்தால் என்ன ஆவது? வெளி ஓரம் முழுக்க முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு கட்டினேன். மண்ணும் நல்ல மண். மெழுகிய இடம் பளபளவென்று இருந்தது. என்னோடு இருந்த இரண்டு பேரும் போட்டோ எடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமையும் அதே வேலை. சாமான் எடுக்க இறங்கி வந்த கிரெக், “முகம் பார்க்கலாம் போலிருக்கே, சாகுல்” என்றார்.

அந்த போட்டோவைத்தான் நான் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மச்சானுடைய காண்ட்ராக்ட் அங்கிருந்து முளைத்தது.

ஹாஜிரா அதைப் பார்க்கவில்லை. பாலம் முடிகிறவரை அவள் மேல் வழியாகவே போய் வந்தாள். பிறகு மேப்பிள் இலை உதிர்ந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. பிறகு மழை.

5

இங்கே மழை நம் ஐப்பசி மழை மாதிரி இரைந்துகொண்டு வராது. சத்தமில்லாமல் பிடித்து, விடாமல் பெய்யும். அலுவலர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஹாஜிரா, நான், கிரெக் மூன்று பேரும் ஏறினோம்.

கீழ் வளைவுக்கு வந்ததும் ஹாஜிரா நின்றுவிட்டாள்.

பாதையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய தண்ணீரெல்லாம் என் வரப்பில் முட்டி, வெளியே போக வழியில்லாமல், பாதையோடு பாதையாகக் கீழே ஓடியது. வளைவில் தாங்க முடியாமல் வரப்பை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் கொட்டியது. உடைப்பில் மண் கரைந்து, செக்கச்செவேலென்று தண்ணீர். நம் ஊர் வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரும்போது இந்த நிறத்தைப் பார்த்துக் கும்மாளம் போட்டிருக்கிறேன். அன்று அதே நிறம் மீன் முட்டையிடும் ஓடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“யார் கட்டினது இது?” என்றாள் ஹாஜிரா.

கிரெக் மரத்தின் உச்சியைப் பார்த்தார்.

“நான்தாம்மா. அண்டை போட்டேன்.”

அவள் என்னைப் பார்த்தாள், வரப்பைப் பார்த்தாள், குனிந்து மெழுகிய இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அங்கேயே ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது.

“அத்தா… நீங்க மலையில வயல் வெட்டியிருக்கீங்கத்தா.”

“மூடிடுவாங்களாம்மா?”

அவள் எழுந்து மண்வெட்டியை என்னிடம் நீட்டினாள். “தண்ணியப் பிடிச்சு வைக்கக் கூடாது. எங்கெங்க வருதோ அங்கங்க போக விடணும். முழுசா வெட்டிடுங்க.”

வெட்டச் சொன்னது சுலபம். எனக்குக் கை வரவில்லை. வரப்பை வெட்டியதால் அண்ணன் தம்பி பேச்சு அறுந்த கதை நம் பக்கத்தில் எந்த வீட்டில் இல்லை? முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாளில் ஒரு சொட்டு பக்கத்து வயலுக்குக் கசியாமல் பார்த்துப் பார்த்து வளர்ந்த கை இது. மண்வெட்டியை ஓங்கிவிட்டு நின்றேன்.

“என்னத்தா?”

“உனக்கு ஹாஜிரான்னு பேர் வெச்சது நான். நாம ஓதுற கதையில வர்ற அந்த ஹாஜிரா அம்மா, தவிச்ச புள்ளைக்காகப் பாலைவனத்துல பொங்கின தண்ணியைச் சுத்தி மண்ணை அணைச்சு நிறுத்தினாங்க. நீ தண்ணிய ‘போ, போ’ங்கறே.”

“அங்க தண்ணி இல்லைத்தா. இங்க பாருங்க எவ்வளவு.”

பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் வெட்டு வெட்டினேன். தண்ணீர் என் காலைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது. பிறகு நிறுத்தவில்லை.

மதியம் மைமூன் ரொட்டியும் முட்டைப் பொரியலும் பிளாஸ்கில் டீயும் எடுத்துக்கொண்டு குடையோடு ஏறி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஊருல ஒரு குழி நிலம் சொந்தமா இல்ல. இங்க வந்து சர்க்கார் மலையில வரப்பு கட்டிட்டு நிக்கிறீங்க. ஒங்க அத்தா பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாருங்க.”

சொல்லிவிட்டு குடையை மடக்கி வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் மண்ணை அள்ளினாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தோம். கிரெக் போன் செய்து ஆட்களைக் கூட்டியிருந்தார். உடைப்பில் கல் அடுக்கினோம். கரைந்த இடத்தில் இலையும் மரத்தூளும் பரப்பினோம். பாதையை வெளிப்பக்கம் சாய்த்துத் தட்டினோம். என் வரப்பில் ஒரு சாண் கூட மிச்சம் வைக்கவில்லை.

6

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு நானும் போனேன். மழை நிற்கவில்லை. அலுவலர் ஒரு பெண்மணி. ரப்பர் பூட்ஸ், நரைத்த குட்டை முடி. முதலில் ஓடைக்கு இறங்கிப் போய்க் கல்லைப் புரட்டிப் பார்த்தார். பிறகு வளைவுக்கு ஏறி வந்தார்.

ஹாஜிரா எதையும் மறைக்கவில்லை. வரப்பு இருந்தது, உடைந்தது, சேறு இறங்கியது, நேற்றும் முந்தாநாளும் வெட்டிச் சரி செய்தோம் என்று அப்படியே சொன்னாள். யார் கட்டியது என்று மட்டும் சொல்லவில்லை. நான் கையைத் தூக்கினேன். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

“ஏன் கட்டினீங்க?” என்று அந்த அம்மா என்னிடமே கேட்டார்.

“நான் நெல் விளையற ஊர்க்காரன்ம்மா. பாதைன்னா எங்களுக்கு வரப்புதான்.” நான் சொன்னதை ஹாஜிரா இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள்.

அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தண்ணீர் போதாத ஊரா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

பிறகு அந்த வளைவில் அப்படியே நின்றார். நாங்களும் நின்றோம். என் மனசுக்குள் துஆ ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை நேரம் என்று தெரியாது. அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன்.

மலை மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, பாசிக்குள்ளிருந்து, வேருக்கடியிலிருந்து, கல்லிடுக்கிலிருந்து. பாதைக்கு வந்ததும் மெல்லிய பாய் மாதிரி விரிந்து, எங்கள் பூட்ஸைத் தொட்டுக்கொண்டு, வெளி ஓரத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து மறுபடி பாசிக்குள் போனது. ஒரு பிடி மண்ணைக் கூட எடுத்துப் போகவில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு மடை திறக்கவில்லை, ஒரு ஆள் காவல் நிற்கவில்லை, முறை கேட்டு யாரும் சண்டை போடவில்லை. அந்தத் தண்ணீருக்குத் தன் வழி தெரிந்திருந்தது. நாங்கள் போட்ட பாதையை அது பாதை என்றே நினைக்கவில்லை. மலையின் இன்னொரு மடிப்பு என்று கடந்துபோனது. வாழ்நாள் பூராவும் தண்ணீரோடு பழகியவன் நான். அது இப்படி அமைதியாகப் போய் நான் பார்த்ததில்லை. அல்லாஹு அக்பர் என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா திரும்பினார். அந்தச் சொல்லுக்கு என்ன நினைத்தாரோ, லேசாகச் சிரித்தார். ஹாஜிராவிடம், “நல்ல வேளை, ஓடைக் கல்லில் சேறு படியவில்லை. உடைப்புக்குக் கீழே பெரணிச் செடி நடுங்கள். குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு மழைக்கும் வந்து பாருங்கள். பாதை இருக்கட்டும்” என்றார்.

அவர் இறங்கிப் போகிறவரை ஹாஜிரா அசையவில்லை. போனதும் என் கையைப் பிடித்தாள். சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடித்த பிடி. அப்புறம் அவள் வளர்ந்த பிறகு இந்தப் பிடி எங்கே போயிற்று என்று நான் நினைத்ததுண்டு.

“அத்தா, குளிர்காலம் பூராவும் வரணும். வருவீங்களா?”

“வர்றேம்மா. ஆனா ஓரத்தைச் சரி பண்ணச் சொல்லாதே.”

7

வந்தேன். ஒவ்வொரு மழைக்கும் வந்தோம். நட்ட பெரணி வேர் பிடித்துவிட்டது.

நேற்று தனியாகப் போனேன். ஈரத்தில் தடங்கள் இருந்தன. சைக்கிள் சக்கரம், குதிரைக் குளம்பு, ஒரு குழந்தையின் சின்னச் செருப்பு. தொழுகைக்கு வந்து போனவர்களின் செருப்பைப் பள்ளிவாசல் வாசலில் பார்ப்பது போல நின்று பார்த்தேன். காற்றில் ஒரு கிளை முறிந்து குறுக்கே கிடந்தது. எடுத்து ஓரமாகப் போட்டேன். அந்த நேரம் எதிரே ஒரு அம்மா தடி ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஒதுங்கி வழி விட்டேன். நன்றி என்றார். எதற்கென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் நடந்து போன பிறகு அவர் காலடிக் குழியில் தண்ணீர் நிறைந்து, வழிந்து, வெளிப்பக்கமாகப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஜும்ஆ முடிந்து நிற்கும்போது சொல்லுங்கள், டீக்கடையில் சொல்லுங்கள், குழுவில் அனுப்புங்கள். ஆனால் உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன், இருப்பதை இருப்பது போலவே சொல்லுங்கள். அகலத்தைக் கூட்ட வேண்டாம். முக்கியமாக மச்சான், நீங்கள். சாகுல் ஹமீதின் மகள் ஹாஜிரா, யாருக்கும் பட்டா இல்லாத மலையில், யார் வேண்டுமானாலும் நடந்து போக ஒரு பாதை போட்டிருக்கிறாள். அதில் டோல் கிடையாது, கேட் கிடையாது. வரப்பு இருந்தது; வெட்டிவிட்டோம்.